உஷார்! அலறுகிற நாயை விட அசையாமல் கிடக்கிற ஆட்டுக்குத்தான் அவசரம்

வயிறு உப்பிய மாடு ஒரு மணித்தியாலத்துக்குள் செத்து விழலாம். பச்சை மரவள்ளி இலையை வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்கு அந்த ஒரு மணித்தியாலம் கூடக் கிடைக்காது. காய்ச்சல் என்று நினைத்துக் கொடுத்த ஒரே ஒரு பனடோல் குளிசை ஒரு பூனையைக் கொன்றுவிடும். வாயில் நுரை தள்ளும் மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று கையை விட்டுப் பார்த்தவர், தன் உயிரையே பணயம் வைத்திருக்கலாம்.

தெஹியோவிட்ட, தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மாடு, ஆடு, நாய், பூனை வைத்திருக்கிற எல்லோரும் இதை வாசித்து, பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள். சம்பளம் போதாத வீட்டில் ஒரு கறவை மாடு என்பது மாசாமாசம் வருகிற இன்னொரு சம்பளம். அது போனால் கடன்தான்.

மனிதருக்கு ஆபத்து என்றால் 1990ஐ அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மாட்டுக்கு அப்படி எதுவும் வராது. அரச மிருக வைத்தியர் ஒரு பிரிவு முழுவதையும் பார்க்க வேண்டியவர். நீங்கள் போகிற நேரம் அவர் சினை ஊசி போட வேறொரு தோட்டத்தில் இருக்கலாம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனை வரை ஏறிப் போக வேண்டும். மேட்டு லயத்திலிருந்து தோட்டத்துப் பாதையில் இறங்கி தெஹியோவிட்ட டவுனுக்கு வருவதற்கே, மழை நாளில், பாதி உயிர் போய்விடும். ஆகவே எது அவசரம், எது காத்திருக்கலாம் என்கிற முடிவை வைத்தியர் எடுக்கும் முன்பே, மாட்டுக் கொட்டகை வாசலில் நீங்கள் எடுத்தாக வேண்டும்.

முதலில் வந்தவருக்கு முதலிடம் இல்லை

வைத்தியர் வாசலில் அடிக்கடி கேட்கிற சண்டை இது: "என்னங்க, நான்தானே முதல்ல வந்தேன்? அவருக்குப் பிறகு வந்தவரை எப்படி உள்ளே எடுத்தீங்க?"

எடுக்கத்தான் வேண்டும். ஒரு காலை வேளையில் இப்படி ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்களாவிலிருந்து ஜீப்பில் வந்த அல்சேஷன், கால் முறிந்து ஊரே கேட்க அலறுகிறது. ஓர் ஆடு சத்தமே இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது; அதன் இடது விலா மேளம் போல விறைத்திருக்கிறது. ஒரு கடுவன் பூனை நேற்றிலிருந்து முக்கி முக்கிப் பார்க்கிறது, சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை. ஒரு நாய்க்குட்டிக்கு இரத்தக் கழிச்சல், முரசு வெளுத்திருக்கிறது. ஒருவர் மாடில்லாமல் வந்திருக்கிறார். விடியற்காலை கன்று போட்ட பசுவுக்கு நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லையாம். கடைசியாக, காதெல்லாம் உண்ணி பிடித்த ஒரு கன்று.

முதலில் ஆடு. உப்பிய வயிறு நெஞ்சறையை அழுத்தி மூச்சை நிறுத்தப் போகிறது. அதற்கு இருப்பது நிமிடக் கணக்கு. அடுத்தது நாய்க்குட்டி. உடம்பில் நீரும் இரத்தமும் வற்றிக்கொண்டிருக்கின்றன. அதோடு, அது பார்வோ வைரஸாக இருந்தால் வரிசையில் நிற்கிற மற்ற குட்டிகளுக்கும் தொற்றும், அதனால் உடனே தனியே எடுக்க வேண்டும். மூன்றாவது பூனை. அடைபட்ட சிறுநீர் ஓரிரு நாளில் இரத்தத்தை நஞ்சாக்கி இதயத்தை நிறுத்திவிடும். நாளைக்கு வா என்று அதை அனுப்பக்கூடாது. அல்சேஷனுக்கு வலி பெரிது, பார்க்கவே பரிதாபம். ஆனால் மூச்சு சீராக, முரசு சிவப்பாக, இரத்தம் ஓடாமல் இருந்தால் வலி ஊசியோடு அது காத்திருக்கலாம். நஞ்சுக்கொடிக்கு ஒரு நாள் வரை பொறுக்கலாம். பசுவுக்குக் காய்ச்சல் கண்டால், தீனி எடுக்காவிட்டால், படுத்துவிட்டால் மட்டும் கணக்கு மாறும். உண்ணிக் கன்று கடைசி.

நெப்போலியனின் படையில் வைத்தியராக இருந்த டொமினிக் ழான் லாரே போர்க்களத்தில் இந்த முறையைக் கொண்டுவந்தார். அதிகாரியா சிப்பாயா என்று பார்க்காமல், காயம் கடுமையானவரை முதலில் தூக்கச் சொன்னார். இருநூறு வருடம் கழித்து, துரை வீட்டு நாய்க்கும் லயத்து ஆட்டுக்கும் அதே நியாயம்தான். உங்கள் முறை தள்ளிப் போனால் கோபப்படாதீர்கள். உங்கள் பிராணி பிழைத்துக்கொள்ளும் என்று வைத்தியர் நம்புவதால்தான் நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது அதன் நிலைமை மாறினால், கண் செருகினால், மூச்சு திணறினால், வெட்கப்படாமல் எழுந்து கத்துங்கள். வரிசை ஒரு தடவை போட்டு முடிகிற காரியம் இல்லை.

ஒரு நிமிடச் சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நான்கு விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, மூச்சு. ஓய்வாக இருக்கும் நாய் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 30 தடவை மூச்சு விடும். கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து, வயிறு குலுங்க இழுத்து மூச்சு விட்டால் ஆபத்து. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் கேள்வியே இல்லை, உடனே கிளம்புங்கள்.

இரண்டு, முரசு. உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே உள்ள சதையை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் சரியில்லை. வெள்ளை முரசு இரத்தம் போனதையும், நீலம் காற்று போதாததையும் சொல்லும். ஆனால் உஷார்: மரவள்ளி நஞ்சில் முரசு வழக்கத்தை விடப் பளிச்சென்று சிவந்திருக்கும். நல்ல நிறம்தானே என்று ஏமாறாதீர்கள். இரத்தத்தில் காற்று இருந்தும் உடம்பால் அதை எடுக்க முடியாத நிலை அது. இன்னொரு உஷார்: எச்சில் வடிக்கிற, நடத்தை மாறிய எந்தப் பிராணிக்கும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. காரணம் கீழே வருகிறது.

மூன்று, நினைவு. கூப்பிட்டால் திரும்புகிறதா? நிற்க முடிகிறதா? வலிப்பு உண்டா?

நான்கு, வயிறு. ஆடு மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளம் மேடாகி, தட்டினால் டம்மென்று ஒலித்தால் அது உப்புசம்.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்வதை நம்பாதீர்கள். நமக்குக் காய்ச்சலாகத் தெரிகிற 38.5 பாகை, நாய்க்கும் மாட்டுக்கும் சாதாரண உடம்புச் சூடு.

நம் தோட்டத்திலேயே இருக்கிற எமன்கள்

மரவள்ளி இலையும் தோலும், இறப்பர் விதையும். இவற்றை மென்றவுடன் சயனைட் வெளியாகும். பசியோடிருக்கும் ஆட்டை மரவள்ளிப் பாத்திப் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள். தின்றுவிட்டுத் தள்ளாடினால், கைவைத்தியம் தேடாமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். மாற்று மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும்.

உரப்பை. யூரியா கலந்த உரத்தை மாடு உப்பென்று நக்கும். சிறிது நேரத்திலேயே நடுக்கம், உப்புசம், விழுந்து துடிப்பது. கிழிந்த பை, உரம் கழுவிய வாளி இரண்டையும் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இறப்பர் பால் உறைய வைக்கிற அசிட். அதை நக்கிய நாயையோ குடித்த கன்றையோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் கால் மணித்தியாலம் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

பூச்சிமருந்து, எலிப்பாஷாணம். எச்சில் ஒழுகி, தசை துடித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் பூச்சிமருந்து என்று சந்தேகப்படுங்கள். போத்தலையோ லேபலையோ கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எலிப்பாஷாணம் இன்னும் கள்ளத்தனமானது. பல வகைகள் சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்; இரத்தம் உறையாமல் உள்ளே கசியும். தின்றதைக் கண்ணால் கண்டால், நாய் நன்றாக ஓடித் திரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

பாம்பு. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன் கடித்தால் விஷமுறிவு மருந்து உண்டு. ஆனால் தேயிலை, இறப்பர் மலைகளில் சருகுக்குள் கிடக்கிற, மூக்கு மேலே தூக்கிய சின்ன விரியனுக்கு, சிங்களவர் குணகட்டுவா என்று சொல்வதற்கு, இங்கே பாவிக்கிற இந்திய விஷமுறிவு மருந்து உதவாது. கடித்தது எது என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். அதற்காகப் பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள்; தூரத்திலிருந்து போனில் ஒரு படம் போதும். கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து எல்லா மிருக வைத்தியரிடமும் கையிருப்பில் இராது. எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

காட்டுப்பன்றிக்கு வைக்கிற பொறிகள். இரைக்குள் மறைத்த வெடியான ஹக்க பட்டாஸைத் தீனியென்று கடித்த பிராணிக்குத் தாடையே சிதறும். திருட்டு மின்கம்பியில் நாய் சிக்கினால் மின்சாரத்தை நிறுத்தும்வரை அதைத் தொடாதீர்கள். அடுத்த பிணம் நீங்கள்தான். கம்பிச் சுருக்கோடு நாய் வீடு திரும்பினால், சதைக்குள் புதைந்த வளையத்தைப் பிடுங்க வேண்டாம். கழுத்தை நெரித்தால் மட்டும் வெட்டி விடுங்கள். இல்லையேல் தொங்குகிற கம்பியை மட்டும் வெட்டி, வளையத்தோடு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வெளியே கோடு மாதிரித் தெரிகிற காயம் உள்ளே எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2020 மே 26 அன்று நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வனஜீவராசிகள் வைத்தியர்கள் பார்த்தார்கள். மே 29 அன்று அது இறந்துவிட்டது. சிறுத்தைக்கே அந்தக் கதி என்றால், மூன்று நாளாகக் காணாமல் போய்த் திரும்பிய உங்கள் நாயை "சாப்பிட்டுப் படுத்தா சரியாகிடும்" என்று விடலாமா?

கன்று போடுகிற நேரம்

பன்னீர்க்குடம் உடைந்து ஒரு மணித்தியாலமாகியும் முன்னேற்றம் இல்லையா? ஒரு கால் மட்டும், அல்லது வால் மட்டும் தெரிகிறதா? நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்காதீர்கள். கருப்பை கிழியும்.

கருப்பை வெளியே தள்ளிவிட்டதா? சுத்தமான ஈரச் சீலையால் சுற்றி, மாட்டை நடக்கவிடாமல் வைத்துக்கொண்டு வைத்தியரை வரவழையுங்கள். அந்த நிலையில் நடக்க வைத்தால் உள்ளே இரத்தக்குழாய் அறுந்து நின்ற இடத்திலேயே போய்விடும்.

கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் பசு படுத்துவிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்து, காது சில்லிட்டுக் கிடந்தால் அது கல்சியக் குறைவு. நேரத்தோடு நரம்பில் மருந்து ஏறினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும். அதே மருந்தை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகவே ஊசி போடத் தெரியும் என்று சொல்கிற எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வைத்தியர் வரும்வரை மாடு பக்கவாட்டில் சாயாமல், நெஞ்சில் ஊன்றி இருக்கும்படி சாக்கு முட்டுக் கொடுங்கள்.

படுத்த மாட்டின் வாயில் போத்தலால் கசாயம் ஊற்றுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். விழுங்கச் சக்தியில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குத்தான் போகும். உப்புசத்துக்குக் கத்தியால் குத்துகிற பழக்கத்தையும் விடுங்கள். நிற்க முடிகிற மாட்டை முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், மெதுவாக நடத்துங்கள். எண்ணெய் கொடுக்கலாமா, எவ்வளவு என்று போனில் வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பிரசவத்துக்கு உதவும்போது கையுறை போடுங்கள். சப்ரகமுவவில் எலிக்காய்ச்சல் புதிதில்லை. மாட்டின் சிறுநீர், பன்னீர் வழியாகவும் அது கைக்காயத்துக்குள் புகும்.

எல்லாவற்றுக்கும் மேலே: விசர்நோய்

இதை இரண்டு தடவை வாசியுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியது மாதிரித் தாடை தொங்குகிற நாய். நுரை தள்ளி, குரல் மாறிக் கதறுகிற, முக்குகிற, பின்னங்கால் தள்ளாடுகிற மாடு. இரண்டுமே விசர்நோயாக இருக்கலாம். கீரி, நரி, தெருநாய் எது கடித்தும் மாட்டுக்கு வரும். கடித்ததை நீங்கள் கண்டிருக்க வேண்டும் என்றில்லை.

அந்த வாய்க்குள் கையை விடாதீர்கள். முரசு பார்க்காதீர்கள். பால் கறக்காதீர்கள், அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். தனியாகக் கட்டியோ பூட்டியோ வைத்துவிட்டு, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். இந்தப் பிராணியைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடாதீர்கள், முதலில் போன்.

எச்சிலோ கடியோ கீறலோ பட்டவர் ஓடும் தண்ணீரில் சோப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே அரச வைத்தியசாலை. கரவனெல்ல, அவிசாவளை எது கிட்டவோ அது. தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள் பூசி, மிளகாய் வைத்து, மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தினால் ஒன்றும் செய்ய முடியாது; அறிகுறி வந்தபின் இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை.

போன், படங்கு, பாதை

கிளம்பும் முன் வைத்தியருக்குச் சொல்ல வேண்டியவை: என்ன பிராணி, என்ன வயசு, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, மூச்சு எப்படி, முரசு என்ன நிறம், எழுந்து நிற்கிறதா. இவ்வளவு சொன்னால் அவர் வரவேண்டுமா, நீங்கள் போகவேண்டுமா என்று அங்கேயே முடிவாகிவிடும்.

அடிபட்ட நாயைக் கையால் அள்ளித் தூக்காதீர்கள். கொழுந்துக்குக் கட்டுகிற படங்கை விரித்து, அதில் உருட்டாமல் இழுத்துப் போட்டு, நாலு மூலையையும் பிடித்துத் தூக்குங்கள். அவிசாவளை – ஹட்டன் பாதையில் வாகனம் அடித்த நாய் எழுந்து ஓடியது என்று நிம்மதியடைய வேண்டாம். உள்ளே இரத்தம் கசியலாம். வலியில் கிடக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். துணிப்பட்டியால் வாயைக் கட்டுங்கள். வாந்தி எடுக்கிறதற்கும் மூச்சு திணறுகிறதற்கும் மட்டும் கட்டக்கூடாது.

சீதாவாக்கை கங்கை பெருகும் என்ற அறிவிப்போ மண்சரிவு எச்சரிக்கையோ வந்தால், ஓடும் முன் மாட்டின் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். 2016 மே 17 அரநாயக்க மலை சரிந்ததைக் கேகாலை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அவிழ்த்துவிட்ட மாடு தானாக மேடு தேடும். கட்டிய மாட்டுக்கு வழியில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

அரச மிருக வைத்திய அலுவலகம், உங்கள் பிரிவு கால்நடை போதனாசிரியர், கிட்டத்தில் உள்ள தனியார் மிருக வைத்தியர், இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவர். இந்த நான்கு இலக்கத்தையும் லயத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் யாரைக் கூப்பிடலாம் என்று பகலிலேயே கேட்டு வையுங்கள். தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத்தாரே, விசர்நாய்த் தடுப்பூசி முகாமை உங்கள் டிவிஷனுக்குக் கேட்டு வாங்குங்கள். அந்த ஊசி நாய்க்கும் இலவசம்.

ஆபத்து வந்த பிறகு இலக்கம் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். மூச்சு, முரசு, நினைவு, வயிறு: இந்த நான்கையும் வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இதில் ஒன்று கெட்டாலும் "விடியட்டும் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். அப்போதே போனை எடுங்கள்.